போடிமெட்டுக்குப் பிள்ளைகளோடு: மாசி, பங்குனியைத் தவிர

போடியிலிருந்து முந்தல் தாண்டி மேலேறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கடைசி வளைவு முடிந்தால் போடிமெட்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம். கிழக்கே திரும்பினால் தேனிச் சமவெளி, மேற்கே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள், அதற்கும் அப்பால் சூரியநெல்லி, சின்னக்கானல், மூணாறு. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைகளை மலையில் நடக்கப் பழக்குவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது என்பது என் கட்சி. ஆனால் இந்த மலையைப் பற்றி நம் வீடுகளில் புழங்கும் நம்பிக்கைகளில் பாதி தலைகீழாக இருக்கின்றன. பயப்பட வேண்டாதவற்றுக்குப் பயந்து பிள்ளையைக் காருக்குள்ளேயே உட்கார வைக்கிறோம். பயப்பட வேண்டியதை விசாரிக்காமலே கிளம்பிவிடுகிறோம்.

“உயரம் ஏறினால் சின்னப் பிள்ளைக்கு ஒத்துக்காது”

பத்தாவது வளைவில் பிள்ளை வாந்தி எடுத்ததும் பாட்டி சொல்வது இது. மலைக்காற்று பட்டுவிட்டது, இனி நடக்க வைக்காதே என்பார். உயரத்தால் உடம்புக்கு முடியாமல் போவது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தொடங்கும். போடிமெட்டு அதில் பாதியைச் சற்றே தாண்டிய உயரம். பக்கத்திலுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டமே ஏறத்தாழ 2,400 மீட்டர்தான். பிள்ளையைப் படுத்தியது வளைவு. வண்டி திரும்புவதைக் காது உணர்கிறது. கையிலிருக்கும் செல்போனையே பார்க்கும் கண்ணோ அசைவே இல்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாக வருகிறது. போடியில் வயிறு முட்டத் தின்ன வைக்காமல் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். செல்போனை வாங்கி வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே இறங்கி அரை மணி நேரம் நடக்க விட்டால் பிள்ளை தானாகத் தெளிந்துவிடும்.

“பச்சை மலை, பனி மலை, அது எங்கே பற்றி எரியப் போகிறது?”

உயிரைக் குடித்த நம்பிக்கை இது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

போடிமெட்டில் நின்று மேற்கே பார்த்தால் ஈரம். கிழக்கே, காலுக்குக் கீழே இறங்கும் சரிவில் வறட்சி. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. போடி, குரங்கணிப் பக்கத்துச் சரிவுகள் மழை மறைவுப் பகுதி. அவற்றுக்கு வாழ்வு ஐப்பசி, கார்த்திகை மழைதான். அந்த மழையில் ஆளுயரம் வளரும் புல் தை முடியும்போது காயத் தொடங்கி, மாசியில் வைக்கோலாகிவிடும். மேலே தேயிலை பச்சையாகவே இருக்கும், மூடுபனியும் இறங்கும், குளிரும் அடிக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடுகிறோம்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தமிழுக்கு மாசி 27. கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கினர். சென்னையிலிருந்து வந்த ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து வந்த இன்னொரு குழுவும். முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்கள் மலைக்கிராமத்து மக்கள். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 23 உயிர்கள் போயின. பெரும்பாலோர் இளம் வயதினர்.

தீ மலையில் எப்படிப் போகும் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சமதரையைவிடச் சரிவில் மேல்நோக்கி அது வேகமாக ஏறும். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பு வல்லுநர்களின் கணக்கு. சுவாலை மேலே இருக்கும் புல்லை நெருங்கி, பற்றுவதற்கு முன்பே அதைக் காய வைத்துவிடுவதே காரணம். ஆகவே புகை கண்டால் மேட்டை நோக்கி ஓடுவது தப்பு. ஓடைப் பள்ளத்துக்குள் இறங்குவதும் தப்பு. இரு பக்கமும் சரிவுள்ள குறுகிய பள்ளத்தில் அனல் புகைபோக்கியில் போவதுபோல ஏறும். புல்லில்லாத வெறும் பாறை, அகலமான சாலை, ஏற்கெனவே எரிந்து அணைந்த கருப்புத் தரை, இவைதான் ஒதுங்கும் இடங்கள். பிள்ளைக்குப் பருத்தித் துணி போடுங்கள். நைலான், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

இந்த மலையே எரிமலைதான் என்று பள்ளிப் பாடத்தை வைத்துச் சொல்கிறவர்களும் உண்டு. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானது மும்பை, புணே பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலை. அதற்கு வயது சுமார் 6.6 கோடி ஆண்டு. போடி மலையின் கல் அதைவிடப் பல மடங்கு பழையது, பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய நைஸ், சார்னோகைட் வகை. சென்னைப் பரங்கிமலையிலும் இதே சார்னோகைட்தான். இங்கே வெடிக்க ஒன்றுமில்லை, எரியப் புல் இருக்கிறது.

உண்மையான எரிமலையிலேயே குடும்பத்தோடு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம்மவர்களின் சந்ததியினர் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை அங்கே அடிக்கடி பொங்குகிறது. அதன் அடிவாரப் பள்ளத்தில் ஃபார்மிகா லியோ என்ற சின்னக் குன்றுவரை பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போவது அத்தீவுக் குடும்பங்களின் வழக்கம். பாதை நெடுகப் பாறைகளில் வெள்ளைப் பூச்சு அடையாளம் உண்டு. பொங்கப்போகும் அறிகுறி தெரிந்தால் அரசு நிர்வாகம் கீழே இறங்கும் வாயிலைப் பூட்டிவிடும். பூட்டிய வாயிலை மதிப்பதால்தான் எரிமலையும் அங்கே பிள்ளைகள் நடக்கும் இடமாக இருக்கிறது.

நமக்கும் அப்படியொரு வாயில் இருக்கிறது, காலண்டரில். 2025இல் தமிழ்நாடு வனத்துறை பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றப் பாதைகளை மூடியது. கிட்டத்தட்ட நம் மாசியும் பங்குனியும்தான் அது.

“உள்ளூர் ஆள் ஒருவர் கூட வந்தால் போதும்”

உள்ளூர்க்காரரின் அறிவுக்குக் குறைவில்லை. நான் மதிப்பது அதைத்தான். ஆனால் நீங்கள் மலைக்குள் இருப்பது வனத்துறைக்குத் தெரியாவிட்டால், தீயோ யானையோ எதிர்ப்பட்டால் உங்களைத் தேட ஆளிருக்காது. 2018 தீவிபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் திறந்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்து, இணையவழிப் பதிவையும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளையும் ஏற்பாடு செய்தது. குரங்கணி–சாம்பலாறு பாதை அந்தப் பட்டியலில் உண்டு. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். கொழுக்குமலைக்கு வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து போகிறது, தோட்டமோ தேனி மாவட்டத்தில் இருக்கிறது, எல்லையில் இப்படித்தான். எந்தப் பக்கம் கால் வைக்கிறீர்களோ அந்தப் பக்கத்து அனுமதி வேண்டும். ஏலத்தோட்டத்துக்குள் நடக்கத் தோட்டக்காரரைக் கேட்க வேண்டும். அன்றைக்கு மருந்தடித்திருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

“மலைத் தண்ணீர், மூலிகைத் தண்ணீர்”

ஆள் நடமாட்டமில்லாத சோலைக்குள் ஊறும் சுனையைப் பற்றி நம் முன்னோர் சொன்னது இது. போடிமெட்டைச் சுற்றி அப்படிப்பட்ட ஓடை அரிது. மேலே ஏலத்தோட்டமும் தொழிலாளர் குடியிருப்பு லயன்களும் இருக்கின்றன. பூச்சிமருந்து மிக அதிகமாக அடிக்கப்படும் பயிர்களில் ஏலம் ஒன்று. அடித்ததில் ஒரு பங்கு மழையோடு ஓடையில்தான் இறங்கும்; காய்ச்சினாலும் போகாது. எத்தனை தெளிவாக ஓடினாலும் பிள்ளை கையால் அள்ளிக் குடிக்க விடாதீர்கள். போடியிலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். குளிரில் பிள்ளைகள் தாகமென்று கேட்பதில்லை. நீங்களாகவே அரை மணிக்கொரு தடவை கொடுங்கள்.

“ஏறத்தான் கஷ்டம், இறங்குவது சுலபம்”

டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் பாதையைப் பிள்ளைகளுக்கு ஏற்றதென்று பலர் தேர்ந்தெடுப்பது இந்த நம்பிக்கையில்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணன் தேவன் தேயிலை மூணாறிலிருந்து ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவழியில் தொங்கிக் கோட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. தேயிலைப் பெட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டு இறக்கும் அளவுக்குச் செங்குத்தான சரிவு அது. உயர வித்தியாசம் 1,000 மீட்டருக்கு மேல். இறக்கத்தில் முட்டியும் கால் விரலும் அடி வாங்கும். தளர்ந்த பிள்ளை ஓடும், ஓடினால் சறுக்கும். பெரியவர் ஒருவர் எப்போதும் முன்னால் நடக்க வேண்டும். முதல் தடவை போகும் குடும்பம் இந்தப் பாதையை விட்டுவிட்டு, தோட்டச் சாலைகளில் இரண்டு மணி நேரம் நடந்தால் போதும்.

“அட்டை கடித்தால் விஷம்”

விஷமில்லை. ரத்தம் உறையாதிருக்க ஒரு சுரப்பை அட்டை விடுவதால் கடிவாய் சிறிது நேரம் கசியும், அவ்வளவுதான். தீக்குச்சி காட்டாமல், உறிஞ்சும் வாயருகே நகத்தை ஓட்டித் தள்ளிவிட்டு, கழுவித் துடையுங்கள்.

“யானை கேரளப் பக்கத்துத் தொல்லை”

சின்னக்கானலில் 2023 ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, மே 27இல் கம்பம் நகரத் தெருவிலேயே வந்து நின்றது. யானைக்கு எல்லைச் சோதனைச் சாவடி தெரியாது. அதிகாலையிலும் மாலை நான்கு மணிக்கு மேலும் தோட்டப் பாதைகளில் பிள்ளைகளோடு இருக்காதீர்கள். கிளம்புமுன் டீக்கடையிலோ லயனிலோ, “நேத்து ஆனை எந்தப் பக்கம் நின்னுச்சு?” என்று கேளுங்கள். அதற்கு அங்கே எல்லோரிடமும் பதில் இருக்கும்.

பொங்கல் விடுமுறைதான் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், புல் இன்னும் பச்சையாக இருக்கும், கிழக்கே கண்ணுக்கு எட்டுமட்டும் தெளிவாகத் தெரியும். பிள்ளையின் காலுக்குத் தகுந்த தூரத்தை வைத்துக்கொண்டு, உச்சி எட்டாவிட்டாலும் மதியம் இரண்டு மணிக்குத் திரும்பிவிடுங்கள். வருகிற மாசியில் குரங்கணி பக்கம் நடக்கத் திட்டம் போட்டிருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே தேதியை மாற்றுங்கள்.