புலாலுணவும் பௌத்த இல்லறத்தாரும்

திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்ற அன்பர்கள், சிறப்பாகச் சித்தூர், திருப்பதி, புத்தூர், நகரி முதலிய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தார், நம்மிடம் அடிக்கடி வினவுவது ஒன்றுண்டு. கொல்லாமையை முதற்சீலமாக ஏற்ற நாம் புலால் உண்ணலாமா? உண்ணலாகாது எனில், நம்மைப் 'புலாலுண்போர்' என்று இகழ்ந்து தெருவுக்கு வெளியே நிறுத்தியவர்களின் வழக்கத்தையே நாமும் தலைமேற் கொண்டதாகாதா?

இவை ஒரு வினாவைப் போல் தோன்றினும் இரண்டாகும். முதலாவது உயிரைப் பற்றியது. இரண்டாவது மானத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் குழைப்பதனாலேயே பல இல்லங்களில் கணவன் ஒரு புறமும் மனைவி ஒரு புறமும் நிற்க நேர்கின்றது. ஆதலின் இவற்றைத் தனித்தனியே ஆராய்வோம்.

பகவன் புத்தர் இதைப் பற்றிக் கூறியது யாது? வைசாலி நகரத்துச் சேனாபதியாகிய சீகர் முன்பு நிகண்டரைப் பின்பற்றியவர். பின்னர்ப் பகவனிடம் சரணடைந்தார். அவர் பிக்குகளை உணவுக்கு அழைத்து, கடையில் ஆயத்தமாய்க் கிடைக்கும் இறைச்சியை வாங்கிவரச் செய்து விருந்தளித்தார். உடனே நிகண்டர்கள், சீகர் பெரிய விலங்கொன்றைக் கோதமருக்காகவே கொன்றார் என்று தெருத்தெருவாகக் கூவினர். அவ்வமயத்தே பகவன் ஒரு விதியை வகுத்தார். தனக்கெனக் கொல்லப்பட்டதைக் கண்டாலோ, கேட்டாலோ, அங்ஙனம் இருக்கலாமென ஐயுற்றாலோ பிக்கு அவ்விறைச்சியை உண்ணலாகாது. இம்மூன்றும் இல்லாதது மூவகையிலும் தூயது, அதனை ஏற்கலாம். வினயத்தில் உள்ள இவ்விதியையே மருத்துவர் சீவகருக்கு அவர் உரைத்த சூத்திரத்திலும் காண்கின்றோம். தேவதத்தன், பிக்குகள் வாழ்நாள் முழுவதும் மீனும் இறைச்சியும் தொடலாகாதென்று விதிக்க வேண்டுமென வற்புறுத்தியபோது, பகவன் அதற்கு இணங்கவில்லை என்பதும் நினைக்கத்தக்கது.

இதைக் கேட்டவுடன், "அப்படியாயின் தடையில்லை" என்று எழுந்து செல்வோர் உளர். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம்.

திருப்பதிச் சந்துகளிலோ சித்தூர்க் கடைத்தெருவிலோ உள்ள ஒரு கோழிக்கடையை நினைத்துப் பாருங்கள். கம்பிக் கூண்டினுள் பிராய்லர் கோழிகள் நெருக்கி நிற்கின்றன. வாங்க வந்தவர் இத்தனை கிலோ என்கிறார். கடைக்காரர் ஒன்றைப் பிடித்துத் தராசில் வைத்து எடை சொல்கிறார். வாங்குபவர் தலையசைக்கிறார். சில நிமிடங்களில் அது துண்டுகளாகிப் பையில் வருகிறது. அக்கோழி யாருக்காகக் கொல்லப்பட்டது? அவர் கண்டார், அதன் குரலைக் கேட்டார், ஐயுறுவதற்கோ அங்கு ஏதும் எஞ்சவில்லை. புலாலுக்கு இடமளித்த அதே விதி இக்கோழியை விலக்குகின்றது! மகளின் மணத்திற்கென ஆடு பிடித்துக் கட்டி வைப்பதும், ஆற்று மீனை உயிரோடு வாங்கிவந்து வீட்டில் அறுப்பதும் இவ்வகையினவே. சீகர் வாங்கியது முன்னரே கடையில் கிடந்த இறைச்சி. நாம் வாங்குவதில் பெரும்பகுதி அத்தகையதன்று. மூவகைத் தூய்மையை மேற்கோள் காட்டுவோர் அதனை முழுதும் கடைப்பிடிப்பரேல், ஞாயிற்றுக்கிழமைச் சட்டிகள் பாதி காலியாகும்.

முன்னரே அறுத்துத் தொங்கும் இறைச்சியையே வாங்குவோம் என்பார்க்கு, நம் தமிழிலேயே பழைய மறுப்பொன்று உண்டு. உண்பதற்காக விலை கொடுப்போர் இல்லையெனில் விற்பதற்காகக் கொல்வோரும் இரார் என்பது திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரத்து வாதம். சமண நூலாகிய நீலகேசியும் பௌத்தரைப் புலாலின் பொருட்டுக் கடுமையாகச் சாடுகின்றது. மாற்றார் வாதம் என்பதனால் இதனைத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. பிக்கு, இட்டதை ஏற்பவர்; ஓடு ஏந்தி நிற்பவருக்கு இது வேண்டும் அது வேண்டாவென்னும் உரிமை இல்லை. இல்லறத்தானோ கையில் காசுடன் கடைக்குச் செல்கிறான். எதை வாங்குவது என்பது அவன் விருப்பம். பிக்குவின் விதியை நிழலாகக் கொண்டு இல்லறத்தான் ஒதுங்குதல் பொருந்தாதென்பதே நம் கருத்து. மேலும், உபாசகன் செய்யலாகாத ஐந்து வாணிகங்களுள் இறைச்சி வாணிகத்தையும் பகவன் சேர்த்துள்ளார். நாம் செய்யலாகாத தொழிலை நமக்காக வேறொருவர் செய்ய வேண்டும். அவர் அறுத்ததை உண்ட பின் அவரைக் கசாப்புக்காரர் என்று தாழ்வாகவும் நினைக்க வேண்டும். இவ்வகை வேலைப் பங்கீட்டின் பெயரை நம் மக்கள் நன்கறிவர்.

இனி மானத்தைப் பற்றிய வினா. திருமலையின் மேல் இறைச்சியும் மதுவும் புகையிலையும் விலக்கப்பட்டவை. அடிவாரத்து நகரிலோ, வாடகைக்கு வீடு கேட்கச் செல்லும் நம்மவரிடம் முதலிற் கேட்கப்படுவது, "சைவமா?" என்பதே. இது உணவைப் பற்றிய கேள்வியன்று. சாதியை நாகரிகமாக விசாரிக்கும் கேள்வி என்பதைக் கேட்போரும் அறிவர், கேட்கப்படுவோரும் அறிவர். ஆந்திர மாநிலத்தில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருள் 100க்கு ஏறத்தாழ 98 பேர் புலால் உண்போர் என 2014ஆம் ஆண்டு மைய அரசின் மாதிரிக் கணக்கெடுப்புக் கூறியது. ஆயினும் எஞ்சிய இருவரின் வழக்கமே உயர்ந்தோர் வழக்கமென நிலைபெற்றுவிட்டது.

மரக்கறி உணவைத் தமிழில் 'சைவம்' என்பது ஒரு சமயத்தின் பெயரால் வழங்கும் வழக்கு. அச்சமயத்தின் அறுபத்து மூவருள் ஒருவராகிய கண்ணப்பர், திருப்பதிக்கு அருகிலுள்ள காளத்தியில் இலிங்கத்திற்குப் பன்றி இறைச்சி படைத்தவரென்றே பெரியபுராணம் கூறும். வேடன் படைத்தால் அன்பு; நம் அடுப்பில் வெந்தால் இழிவு! நம்மவர் புலாலை விட்டால் தம்மைச் 'சைவர்' என்று சொல்லிக்கொள்ளாதிருத்தல் நலம். 'மரக்கறி உண்பவர்' என்னும் சொல் போதும்.

இவ்விழிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு மணிமேகலையில் ஒரு சான்று கிடக்கின்றது. ஆதிரையின் கணவன் சாதுவன் கலமுடைந்து நாகர் மலையில் ஒதுங்குகின்றான். கள்ளும் ஊனும் அளித்த நாகர் தலைவனுக்கு அவன் அறம் உரைக்கின்றான். ஊனையே உண்டு வாழும் தாம் எவ்வாறு பிழைப்பதெனத் தலைவன் தயங்க, மூப்படைந்து தானே இறக்கும் விலங்கைத் தவிர வேறெவ்வுயிரையும் கொல்லாதிருக்குமாறு சாதுவன் அறிவுறுத்துகின்றான். தமிழ்ப் பௌத்தப் புலவரின் நெஞ்சில், தானே இறந்த விலங்கின் ஊனே தீங்கு மிகக் குறைந்த ஊன். ஏனெனில் அதற்காக எவ்வுயிரும் துடிக்கவில்லை. ஆனால் நம் நாட்டில் யார் மிக இழிந்தவராகக் கருதப்பட்டனர்? ஆட்டை வெட்டி உண்டவர் அல்லர். செத்த மாட்டை அப்புறப்படுத்தி, பசியினால் அதனை உண்டவரே. கொலையே இழிவுக்குக் காரணமாயின் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். உணவின் உயர்வு தாழ்வு உயிரிரக்கத்தினால் அளக்கப்படவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

டாக்டர் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டாதாரைப் பற்றிய நூலில், பௌத்தத்தைக் கைவிடாது, இறந்த பசுவின் ஊனையும் உண்டுவந்த எளிய மக்களே தீண்டாதாராக்கப்பட்டனர் என்றும், பார்ப்பனர் புலாலை விட்டது பௌத்தத்தை வெல்லும் பொருட்டே என்றும் வாதித்தார். வரலாற்றாசிரியர் அனைவரும் இதனை ஏற்றாரல்லர். எனினும் சிந்திக்க வேண்டிய வாதம். அவரே 1927இல் மகாடு மாநாட்டில், செத்த விலங்கின் ஊனைக் கைவிடுமாறு நம் மக்களைக் கேட்டுக்கொண்டார். அது மானத்தின் பொருட்டு. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் அளித்த 22 உறுதிமொழிகளில் உயிர்களிடம் இரக்கம் உண்டு, மது விலக்கு உண்டு. புலால் விலக்கு இல்லை. கொல்லாமையை அவர் விதியாகக் கொள்ளாமல் நெறியாகக் கொண்டார். விதி மனிதனைக் கட்டும். நெறி அவனைச் சிந்திக்கச் செய்யும்.

அந்நெறியில் நின்றே நாம் கூறுவது இது. இயன்றவர் உயிரிரக்கத்தின் பொருட்டுப் புலாலை விடுதல் மேலானது. தூய்மையின் பொருட்டு விடுதல் பயனற்றது. வீட்டு வாடகைக்காக விடுதல் வெறும் வேடம். பழங்காலத்துப் புத்தராகிய காசியபர் திஸ்ஸன் என்னும் பிராமணனுக்கு மறுமொழி கூறியதாக ஆமகந்த சூத்திரம் உரைப்பதும் இதற்கு இயைந்ததே. அங்கே முடைநாற்றமாவது ஊனன்று. கொலை, களவு, பொய், வஞ்சனை ஆகியவையே.

மரக்கறி உண்போரும் தம்மைக் கொலைக்குப் புறம்பானவராக எண்ணிவிடலாகாது. பலமனேரி, குப்பம் பக்கங்களில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்போர் பலர். கூட்டினுள் புழு உயிரோடிருக்கும்போதே வெந்நீரிலும் ஆவியிலும் இட்டுத்தான் நூல் எடுக்கின்றனர். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். அச்சேலையை உடுத்துவதை 'மடி' என்று போற்றுவோர் மீன் வாசனைக்கு மூக்கைப் பிடிக்கின்றனர்! பட்டு நெய்வோரே தம் பிழைப்பிற்காகப் பல சிற்றுயிர்கள் மடிவதைச் சொல்லி வருந்தியதனால், பட்டு கலந்த விரிப்பைப் பிக்குகள் செய்துகொள்ளலாகாதென வினயத்தில் விதி எழுந்தது. பாலும் இத்தகையதே. கறவை நின்ற பசுவும், பிறந்த கடாக்கன்றும் எங்கே செல்கின்றன என்பதைச் சித்தூர் வட்டாரத்துச் சிறு விவசாயி அறிவான். பால் வாங்குவோர் கேட்பதில்லை.

விடுவதென முடிவு செய்தவர் ஒரே நாளில் விட வேண்டுமென்பதில்லை. நமக்கு அருகே கர்நூல் மாவட்டத்து எர்ரகுடிப் பாறையில் அசோகரின் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. முன்னர் அரண்மனை அடுக்களையில் நாள்தோறும் கொல்லப்பட்ட எண்ணிலா உயிர்கள், சாசனம் எழுதும்போது மூன்றாகக் குறைந்தன. இரண்டு மயில், ஒரு மான், அம்மானும் எந்நாளும் அன்று. இனி இம்மூன்றும் கொல்லப்படா என்று முடிக்கின்றார் பேரரசர். தம் அடுக்களையின் குறையை மறைக்காது கல்லில் வெட்டுவித்த அந்த மன்னரை நாம் மிகவும் மதிக்கின்றோம். கூண்டுக் கோழியைச் சுட்டி வாங்குவதை முதலில் நிறுத்தலாம். உபோசத நாள்களில் விடலாம். பின்னர் மனம் எவ்வளவு இசைகின்றதோ அவ்வளவு.

உடலையும் மறக்கலாகாது. ஆந்திர மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையோர் என 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. புலாலை விட்டுவிட்டு வெறுஞ்சோறும் ரசமும் உண்பது அறமாகாது. இராயலசீமையின் கேழ்வரகுக் களி சுண்ணாம்புச் சத்து மிக்கது. நம் நிலத்து வேர்க்கடலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கும், கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் புரதம். கீரையோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உயிர்ச்சத்து பி12 மட்டும் பயிர்களில் கிடைப்பதில்லை. பால், முட்டை இரண்டையும் விடுவோர் மருத்துவரைக் கேட்டு அதனை மாத்திரையாகக் கொள்ள வேண்டும். கருவுற்ற பெண்ணையும் வளரும் குழந்தையையும் குடும்பத் தலைவரின் நோன்புக்கு உட்படுத்தலாகாது. பள்ளிப் பகல் உணவில் முட்டை கிடைக்குமாயின் பிள்ளை உண்ணட்டும்.

ஓர் இல்லத்தில் ஒருவர் விட்டு மற்றவர் உண்பாராயின் பூசலுக்கு இடமில்லை. தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனிப் பந்தி என்று கேட்கலாகாது. அவ்வாறு கேட்டால் சமைக்கும் தாய்க்கோ மனைவிக்கோ பழைய தீட்டே நினைவுக்கு வரும். கழுவிய சட்டியில் கொள்ளுக் குழம்பும் வேகும்.

கடைசியாகத் திருவிழா. திருப்பதியில் தாத்தையகுண்டக் கங்கம்மனுக்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் சாத்திரை நடைபெறுகின்றது. சித்தூரிலும் கங்கம்மன் சாத்திரை உண்டு. கோழியும் ஆடும் பலியிடுவது வழக்கமாக இருந்துவருகின்றது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடை செய்யும் சட்டம் சித்தூர் சென்னை இராச்சியத்தில் இருந்த 1950ஆம் ஆண்டிலேயே பிறந்தது; தமிழ்நாட்டில் 2004இல் அது நீக்கப்பட்டது. சட்டம் எதுவாயினும் நம் சீலம் மாறாது. பலிக்குப் பணம் கொடுத்தலும், விலங்கைப் பிடித்துக் கொடுத்தலும், வெட்டுமிடத்தில் நிற்றலும் நமக்கில்லை. உறவினர் அழைத்தால் இல்லத்திற்குச் செல்லலாம். கூழும் களியும் உண்டு, பிள்ளைகளைக் கொஞ்சி, முதியோரை நலம் விசாரித்து வரலாம். பலியிட்ட ஆட்டின் பங்கை இலையில் இடவந்தால், "வேண்டாம் அத்தை, இன்னும் கொஞ்சம் களி போடுங்கள்" என்றால் போதும். அதற்குமேல் அன்று அங்கே அறவுரை வேண்டுவதில்லை.