கொல்லைப்புறக் குட்டையில் ஓர் ஆண்டு

செட்டிநாடு பேராறுகள் பாயும் பூமி அன்று. வடகிழக்குப் பருவமழையை நம்பியே நம் முன்னோர் இங்கு ஊர்களை அமைத்தனர். ஓட்டுக் கூரையிலும் முற்றத்திலும் விழுந்த மழைநீரை வீணாக்காமல் வாய்க்கால் வழியே ஊருணிக்கும் கண்மாய்க்கும் கொண்டு சேர்த்தனர். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-ஆம் ஆண்டு செட்டிநாட்டு ஊர்கள் இடம் பெற்றன. மாளிகைகளின் அழகோடு, மழைநீரைச் சேமிக்கும் இந்த ஏற்பாடும் அவற்றின் சிறப்புகளுள் ஒன்றாகும்.

அந்த நீர் மனிதருக்கு மட்டும் பயன்படுவதில்லை. வீட்டுக் கொல்லையில் மழைநீர் தேங்கும் ஒரு சிறு குட்டை இருந்தாலே போதும். எண்ணற்ற உயிர்கள் அதைத் தேடி வருகின்றன. மாணவிகளே, ஓராண்டுக் காலம் அதைக் கூர்ந்து நோக்கினால், எந்தப் பாடநூலும் தராத அறிவை அக்குட்டை நமக்குத் தரும். இக்கட்டுரை ஊர்வனவற்றைப் பற்றியே மிகுதியாகப் பேசும். நாம் மிகக் குறைவாக அறிந்திருப்பதும், மிக விரைவாக அடித்துக் கொல்வதும் அவற்றையே அல்லவா?

ஊர்வன யாவை?

பாம்பு, பல்லி, ஓணான், அரணை, உடும்பு, ஆமை ஆகியவை ஊர்வன. இவற்றின் தோல் செதில்களால் ஆனது. அதனால் உடலின் ஈரம் எளிதில் வெளியேறாது. பிறந்தது முதல் நுரையீரலால் சுவாசிக்கும். தவளையும் தேரையும் ஊர்வன அல்ல. அவை நீரிலும் நிலத்திலும் வாழ்வன. தலைப்பிரட்டையாக இருக்கும்போது செவுள்களாலும், வளர்ந்த பின் நுரையீரலாலும் ஈரத் தோலாலும் அவை சுவாசிக்கின்றன.

ஊர்வனவற்றைக் ‘குளிர் இரத்தப் பிராணிகள்’ என்று சொல்வது வழக்கம். அவற்றின் இரத்தம் எப்போதும் குளிர்ந்திருக்கும் என்பது இதன் பொருளன்று. நம்மைப்போல் உணவை எரித்து உடலைச் சூடாக வைத்துக்கொள்ளாமல், வெயிலையும் நிழலையும் மாறி மாறி நாடி அவை தம் வெப்பத்தைச் சரிசெய்துகொள்கின்றன. காலை வெயிலில் ஆமை கல்லின்மேல் அசையாமல் கிடப்பது சோம்பலால் அன்று. அன்றைய வேலைக்கு உடலைச் சூடேற்றிக்கொள்ளவே!

ஐப்பசி முதல் மார்கழி வரை

முதல் பெருமழை பெய்த இரவில் குட்டையில் கச்சேரி தொடங்கிவிடும். பாடுபவை ஆண் தவளைகளே. பெரிய தவளை இனத்தில் ஆணின் உடல் அப்பருவத்தில் பளிச்சென்ற மஞ்சளாக மாறும். தொண்டையின் இருபுறமும் நீல நிறப் பைகள் உப்பி நிற்கும். சில நாட்களில் நீரில் முட்டைகளைக் காணலாம். தேரையின் முட்டைகள் மணி கோத்த சரம்போலவும், பெரிய தவளையின் முட்டைகள் கொத்தாகவும் இருக்கும்.

ஒரு காலத்தில் நம் நாட்டுத் தவளைகளின் கால்கள் உணவுக்காக வெளிநாடுகளுக்குப் பெருமளவில் அனுப்பப்பட்டன. பயிர்ப் பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவும் உயிர் அழிகிறதே என்ற கவலை எழுந்ததால், 1987-இல் இந்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது.

குட்டையின் மேல் தட்டான்கள் வட்டமிடும் காலமும் இதுவே. அவற்றின் இளம் பருவம் நீருக்குள் கழிகிறது. அப்போது கொசுப்புழுக்களே அவற்றுக்கு விருந்து. வடக்கிலிருந்து தகைவிலான் குருவிகளும் வாலாட்டிக் குருவிகளும் வந்து சேரும்.

தை முதல் பங்குனி வரை

மழை ஓய்ந்து நீர் வற்றத் தொடங்கும்போது மீன்கள் குறுகிய இடத்தில் நெருங்குகின்றன. மீன்கொத்தி, மடையான், தண்ணீர்ப் பாம்பு மூன்றும் அதை நன்கு அறியும். மடையான் மண் நிறத்தில் கரையோடு கரையாக நிற்கும். பறக்கும்போதுதான் அதன் வெள்ளைச் சிறகு தெரியும். முட்டையிடும் பருவத்திலோ அதன் முதுகு கருஞ்சிவப்பாக மாறிவிடும்.

வேலியோரத்தில் பாம்புச் சட்டை கிடந்தால் அஞ்ச வேண்டா. உடல் வளரும்போது வெளித்தோல் வளர்வதில்லை. ஆகவே பாம்பு அதைக் கழற்றிப் போடுகிறது. கண்ணை மூடியிருக்கும் செதில்கூட அதில் இருக்கும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணாடிபோன்ற அச்செதிலே கண்ணைக் காக்கிறது. அதற்கு வெளிக்காதும் இல்லை. தரையின் அதிர்வைத் தாடை எலும்பின் வழியே உணர்கிறது. மகுடிக்கு முன் நல்லபாம்பு ஆடுவது இசையில் மயங்கியன்று. அசையும் மகுடியைக் கண்காணித்தே.

சித்திரை முதல் புரட்டாசி வரை

குட்டை வறண்டு தரை வெடிக்கும்போது ஆமைகள் எங்கே போயின என்று தேடுவோம். நம் குளங்களில் வாழும் பாலாமை, சேற்றுக்குள் புதைந்து, அசைவும் உணவுமின்றிக் கோடையைக் கழிக்கவல்லது. மழை வந்து மண் நனைந்ததும் வெளியே வரும். கோடையில் கண்மாயில் வண்டல் எடுக்கும்போது ஆமை அகப்பட்டால், ஈரமுள்ள வேறோர் இடத்தில் விட்டுவிடச் சொல்ல வேண்டும். பாலாமையும் உடும்பும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் உண்பதும் குற்றமாகும்.

ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் இணைசேரும் பருவத்தில் சிவந்து தோன்றும். ‘நம் இரத்தத்தை உறிஞ்சியதால் சிவந்தது’ என்று சிறுவர்கள் கல்லெறிவதுண்டு. அது பூச்சிகளைத் தின்னும் ஏழைப் பிராணி. அதன் சிவப்பு பெண்ணைக் கவரவும் எதிரியை விரட்டவும் அமைந்தது.

இரண்டு பாம்புகள் பின்னி எழுந்து நிற்பதைக் கண்டால், ‘சாரையும் நல்லபாம்பும் இணைகின்றன’ என்பார்கள். உண்மை வேறு. சாரையும் நல்லபாம்பும் தனித்தனி இனங்கள். பெரும்பாலும் நாம் காண்பது இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தமே. சாரைக்கு நஞ்சு இல்லை. எலிகளைத் தின்று நெல்லைக் காக்கும் கூலி வாங்காத காவலாளி அது.

அடிபடுவது எது? ஆபத்தானது எது?

குட்டையில் நாம் அடிக்கடி காண்பது தண்ணீர்ப் பாம்பு. உடலில் சதுரங்கக் கட்டம்போலக் கரும்புள்ளிகளும், கண்ணின் கீழும் பின்னும் சாய்ந்த இரு கருங்கோடுகளும் உடையது. மீனும் தவளையும் அதன் உணவு. அதற்கு மனிதரைக் கொல்லும் நஞ்சு இல்லை. ஆனால் மிரண்டால் தலையைத் தூக்கிக் கழுத்தைத் தட்டையாக்கும். சீண்டினால் கடிக்கவும் செய்யும். பார்ப்பவர்கள் அதைப் படம் எடுக்கும் நல்லபாம்பு என்று எண்ணிக் கம்பை எடுத்துவிடுகிறார்கள். தன்னைக் காத்துக்கொள்ள அது போடும் வேடமே அதற்கு எமனாகிவிடுகிறது!

நம் நாட்டில் பெரும்பாலான பாம்புக்கடி மரணங்களுக்குக் காரணமானவை நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றுள் கட்டுவிரியன் பகலில் கண்ணில் படுவது அரிது. இரவில் இரை தேடி வீட்டுக்குள் வந்து, தரையில் உறங்குபவரைக் கடிக்கும். வலியும் கடிவாயும் பல வேளைகளில் தெரிவதே இல்லை. விடியலில் வயிற்றுவலி, வாந்தி, கண் இமை தொங்குதல் போன்ற குறிகள் தோன்றும்போது, அஜீரணம் என்று எண்ணிப் பொன்னான நேரத்தை வீணாக்கிவிடுகிறார்கள்.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர்! அவர்களுள் கால் பங்குக்கும் மேற்பட்டோர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். குட்டையில் தெரிந்த தண்ணீர்ப் பாம்பைக் கொன்றுவிட்டு, அன்றிரவே கொசுவலையின்றித் தரையில் படுத்து உறங்குவது என்ன பாதுகாப்பு? பயம் ஒரு பக்கம் காவல் நிற்க, ஆபத்து மறுபக்கமாக நுழைகிறது.

ஆகவே இவற்றை மனத்தில் பதித்துக்கொள்வோம். இருட்டில் விளக்கும் செருப்பும் இன்றி நடக்கலாகாது. கட்டிலில் உறங்குவதும், கொசுவலையின் ஓரங்களைப் படுக்கைக்கடியில் செருகிக்கொள்வதும் நல்லது. விறகும் செங்கலும் சுவரோரம் குவிந்திருக்கக் கூடாது. கடிபட்டால் கடிவாயைக் கீறுவதோ, உறிஞ்சுவதோ, கயிற்றால் இறுக்கிக் கட்டுவதோ தவறு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108 ஊர்தியை அழைத்து, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மந்திரிக்கச் சென்று காலம் கடத்தக் கூடாது.

மருத்துவமனையில் தரும் நஞ்சுமுறிவு மருந்தும் பாம்பின் நஞ்சிலிருந்தே உருவாகிறது. நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருளைப் பிரித்து எடுக்கிறார்கள். சென்னைக்கு அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதற்கான நஞ்சை எடுத்துத் தருகிறது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடுவது அவர்கள் முறை. இருளர் குலத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பள்ளிப் படிப்பால் அன்றி, தலைமுறை தலைமுறையாகக் கூர்ந்து நோக்கியதால் வந்த அறிவுக்குக் கிடைத்த மரியாதை அது!

வேட்டங்குடி கற்பிக்கும் பாடம்

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஓர் அழகிய சான்று உண்டு. திருப்பத்தூர் வட்டத்தில் உள்ள வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 38.4 ஹெக்டேர்தான். மழைக்காலத்தில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், சாம்பல் நாரை முதலியவை அங்கு வந்து தங்குகின்றன. கூடு கட்டியுள்ள பறவைகள் மிரளக் கூடாதென்று, அவ்வூர் மக்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகளும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்களே, அதுவன்றோ பெருந்தன்மை!

அழகிய பறவைக்கு இரங்குவது எளிது. அழகில்லை என்று நாம் நினைக்கும் பாம்புக்கும் ஓணானுக்கும் இரங்குவதே கடினம். ஏதேன் தோட்டத்துக் கதையை நினைத்துப் பாம்பை வெறுப்போர் உண்டு. ஆனால் நம் ஆண்டவர் தம் சீடருக்கு விவேகத்தைக் கற்பிக்கப் பாம்பையே எடுத்துக்காட்டாகச் சொன்னார் என்பதை மறக்கலாமா? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலும், நமக்குப் பயன்படுகிறதா என்று பாராமல், ஒவ்வோர் உயிருக்கும் தனக்கே உரிய மதிப்பு உண்டு என்று கற்பிக்கிறது.

குறிப்பேடு எழுதும் முறை

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், கால் மணி நேரம் குட்டையைப் பார்க்க வேண்டும். தேதி, நேரம், வெயிலா மழையா, நீரின் அளவு, கண்ட உயிர், அது செய்த செயல் ஆகியவற்றை எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அளவையும் எழுதிப் படம் வரையலாம். பின்னர் ஆசிரியையிடம் கேட்கலாம். பத்தடி தூரத்தில் நின்று, பெரியவர் ஒருவரின் துணையோடு பார்ப்பதே முறை. எப்பாம்பையும் நெருங்கவோ தொடவோ கூடாது. நஞ்சற்றது என்று நமக்குத் தோன்றினாலும் கூடாது. வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்ல வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். குட்டையும் ஊருணியும் குப்பை கொட்டும் இடங்கள் அல்ல. மண் நிரப்பி மனையாக்கும் இடங்களும் அல்ல. அவை மூடப்பட்டால் கிணற்று ஊற்றும் குறையும்; மழைநீர் தெருவில் நிற்கும்; நீரைத் தேடி வந்த உயிர்கள் இடமின்றி வீட்டுப் படியேறும்.

அடுத்த மழைக்கு இன்னும் சில மாதங்களே உள்ளன. அதற்குள் நோட்டுக்கு அட்டை போட்டு வைப்போம். தவளையின் முதல் குரல் எந்த நாளில் கேட்கிறது என்பதே அதில் நாம் எழுதும் முதல் வரியாக இருக்கட்டும்.