முதல் வாரக் கருத்தும் மூன்றாம் ஆண்டுக் கருத்தும்: திறன்கடிகாரம் வாங்குவோருக்கு ஒரு பாடம்

ஸ்மார்ட் வாட்ச் எனப் பேச்சு வழக்கில் குறிக்கப்படும் திறன்கடிகாரம் ஒன்று புதிதாக விற்பனைக்கு வரும்போது, அதை வாங்கியோரின் கருத்துகள் பெரும்பாலும் வடிவம், மின்கலத்தின் ஆயுள், விலை ஆகிய மூன்றைச் சுற்றியே அமைகின்றன. வாடிக்கையாளர் பலர் இக்கருத்துகளைப் படித்த பின்னரே பணம் செலுத்துகின்றனர். இது நல்ல வழக்கமே. ஆயினும் இம்மூன்றும் ஒரே காலத்தில் முதிரும் கருத்துகள் அல்ல. வடிவத்தைப் பற்றி முதல் நாளிலேயே கூறிவிடலாம். மின்கலத்தைப் பற்றிக் கூறச் சில மாதங்களேனும் வேண்டும். விலை தகுமா என்று கூற, அக்கடிகாரம் எத்தனை ஆண்டுகள் உழைத்தது என்பது தெரிய வேண்டும். இவ்வேறுபாட்டை இரு உண்மை நிகழ்வுகளின் துணைகொண்டு காண்போம்.

இரு கடிகாரங்களின் வரலாறு

2012-ஆம் ஆண்டில் பெப்பிள் என்னும் கடிகாரத்திற்காகக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 68,000-க்கும் மேற்பட்டோர் ஒரு கோடி அமெரிக்க டாலருக்கும் அதிகமாக முன்பணம் செலுத்தினர். அதன் திரை கறுப்பு வெள்ளை, தோற்றமும் எளியது. எனினும் ஒரு முறை மின்னேற்றினால் ஏழு நாள் வரை இயங்கும் என்பது அதன் சிறப்பாகப் பேசப்பட்டது. கடை விலை 150 டாலர்.

ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கடிகாரம் 2015 ஏப்ரலில் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் இந்தியாவிற்கு வந்தபோது அதன் தொடக்க விலை 30,900 ரூபாய். தோற்றத்தைப் பலரும் பாராட்டினர். நாள்தோறும் மின்னேற்ற வேண்டியிருப்பதைக் குறையாகக் கூறினர். தங்க உறையிட்ட வகையின் விலை 10,000 டாலரில் தொடங்கியது.

பின்னர் நிகழ்ந்தவை எந்த முதல் வாரக் கருத்திலும் இடம்பெற்றிருக்க இயலாது. பெப்பிள் நிறுவனம் 2016 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் மென்பொருள் சொத்துகளை ஃபிட்பிட் நிறுவனம் வாங்கியது. இணையவழிச் சேவைகள் 2018 ஜூனில் நிறுத்தப்பட்டன. முதல் ஆப்பிள் கடிகாரத்திற்கு 2018 செப்டம்பரில் வெளியான புதிய இயங்குதளம் வழங்கப்படவில்லை. தங்க உறையிட்டதற்கும் அதே நிலைதான். உறை வேறாயினும் உள்ளிருந்த சில்லு ஒன்றே. கடிகாரங்கள் தொடர்ந்து இயங்கின என்றாலும், புதிய வசதிகள் அவற்றிற்கு வரவில்லை.

வடிவம்

வடிவம் பற்றிய கருத்தை முதல் வாரத்திலேயே நம்பலாம். ஆனால் அது கருத்துக் கூறுபவரின் கையைப் பொறுத்தது. மெலிந்த மணிக்கட்டிற்குப் பெரிதாகத் தோன்றும் உறை, பருத்த மணிக்கட்டிற்குப் பொருத்தமாக இருக்கும். ஆதலால் ‘அழகு’, ‘பெரிது’ என்னும் சொற்களை விட மில்லிமீட்டரில் கூறப்படும் அளவும் கிராமில் கூறப்படும் எடையும் பயன் தரும். வியர்வை மிகுந்த நம் நாட்டுக் கோடையில் பட்டை தோலை உறுத்துகிறதா, பொதுக் கடைகளில் மாற்றுப் பட்டை கிடைக்கிறதா என்பவற்றைச் சில மாதம் அணிந்தோரின் கருத்துகளிலேயே தேட வேண்டும்.

மின்கலம்

விளம்பரத்தில் கூறப்படும் நாள்களின் எண்ணிக்கை குறிப்பிட்ட பயன்பாட்டு முறையில் அளக்கப்பட்டது. ஆப்பிள் தன் முதல் கடிகாரத்திற்குக் கூறிய 18 மணி நேரம் என்பது, 90 முறை நேரம் பார்த்தல், 90 அறிவிப்புகள், 45 நிமிடச் செயலிப் பயன்பாடு, 30 நிமிட உடற்பயிற்சி என்னும் கணக்கில் அமைந்தது. எப்போதும் ஒளிரும் திரை, புளூடூத் அழைப்பு, ஜி.பி.எஸ். ஆகியவற்றை மிகுதியாகப் பயன்படுத்துவோருக்கு நாள்கள் குறையும். எனவே, தம்மைப் போலவே பயன்படுத்துபவரின் கருத்தைத் தேடிப் படிப்பதே முறை.

லித்தியம் மின்கலம் காலப்போக்கில் தேயும். வெப்பம் அத்தேய்வை விரைவுபடுத்தும். தன் கடிகார மின்கலம் 1,000 முழு மின்னேற்றச் சுற்றுகளுக்குப் பின் 80 விழுக்காடு வரை கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டதாக ஆப்பிள் கூறுகிறது. நாள்தோறும் ஒரு முழுச் சுற்று என்றால் 1,000 சுற்றுகள் மூன்று ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். மின்கலத்தை மாற்ற இயலுமா, அதற்கு என்ன செலவாகும் என்பதை வாங்கும் முன்பே கேட்டறிதல் நன்று.

விலை

‘விலை குறைவு’ என்னும் கருத்து, பயன்பாட்டுக் காலத்தோடு சேர்த்து எண்ணப்படும் வரை முழுமை பெறாது. 2,000 ரூபாய்க் கடிகாரம் ஓராண்டில் பழுதானால் மாதச் செலவு ஏறத்தாழ 167 ரூபாய். 12,000 ரூபாய்க் கடிகாரம் ஐந்தாண்டு உழைத்தால் 200 ரூபாய். இரண்டிற்கும் இடைவெளி சிறிதே. ஆனால் அந்த 12,000 ரூபாய்க் கடிகாரம் இரண்டாண்டில் பயனற்றுப் போனால் மாதச் செலவு 500 ரூபாயாகிவிடும். ஆகவே, அதே நிறுவனத்தின் முந்தைய கடிகாரத்தை இரண்டு மூன்று ஆண்டுகள் பயன்படுத்தியோர் கூறுவதே புதிய கடிகாரத்தின் விலையை மதிப்பிடச் சிறந்த சான்று.

கருத்துகளின் நம்பகத்தன்மை

இணையவழி நுகர்வோர் கருத்துகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்னும் தரநிலையை வெளியிட்டது. கருத்துரைப்பவரை உறுதிசெய்தல், விலைக்கு எழுதப்படும் கருத்துகளைத் தவிர்த்தல் முதலியவை அதில் கூறப்பட்டுள்ளன. எனினும் வாசகரின் கவனத்திற்கு ஈடு எதுவுமில்லை. ஒரே நாளில் குவிந்தவை, ஒரே சொற்றொடரைத் திரும்பக் கூறுபவை, குறை நிறை எதையும் குறிப்பாகச் சொல்லாதவை ஆகியவற்றை ஒதுக்கிவிடலாம்.

தவணையில் வாங்குவோருக்கு

‘வட்டியில்லாத் தவணை’ என்னும் அறிவிப்பைக் கண்டால், முழுத் தொகையையும் உடனே செலுத்துவோருக்கு விலை எவ்வளவு என்று முதலில் வினவ வேண்டும். பூச்சிய வட்டி என்பதே இல்லாத ஒன்று என இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே தெளிவுபடுத்தியுள்ளது. விட்டுக்கொடுக்கப்படும் தள்ளுபடி, செயலாக்கக் கட்டணம், சரக்கு மற்றும் சேவை வரி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் உண்மைச் செலவு விளங்கும். தவணைக் காலம் உத்தரவாதக் காலத்தை விஞ்சாதிருப்பதும் நன்று. இன்றேல், பழுதான கடிகாரத்திற்குத் தவணை செலுத்தும் நிலை நேரலாம்.

பயிற்சி

பணம் செலுத்தும் முன் கீழ்க்காணும் வினாக்களுக்கு ஒரு தாளில் விடை எழுதிப் பார்க்கலாம்:

1. நான் படித்த கருத்துகளுள் ஆறு மாதத்திற்கு மேல் பயன்படுத்தியோர் கூறியவை எத்தனை?
2. என் அன்றாடப் பயன்பாட்டில் மின்கலம் எத்தனை நாள் நிற்கும்?
3. உத்தரவாதம் எத்தனை மாதம்? அதில் மின்கலமும் அடங்குமா?
4. பழுது நீக்கும் நிலையம் என் ஊரிலோ அருகிலோ உள்ளதா?
5. எத்தனை ஆண்டு பயன்படுத்துவேன்? அதன்படி மாதச் செலவு எவ்வளவு?

வாங்கிய பின் விலைப்பட்டியலையும் உத்தரவாத அட்டையையும் பாதுகாத்து வைத்தல் வேண்டும். விற்பனையாளரிடம் தீர்வு கிடைக்காவிடில், தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அழைத்து முறையிடலாம். ஓராண்டு பயன்படுத்திய பின் தாமும் ஒரு கருத்தை எழுதினால், அடுத்து வாங்க எண்ணும் மற்றொரு குடும்பத்திற்கு அது உதவும்.