ஆன்லைனில் மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறீர்களா?

தூக்கம் கெட்டுவிட்டது, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, எதைத் தொட்டாலும் பயம். மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்று தோன்றியதும் பலர் இன்று செல்போனைத்தான் எடுக்கிறார்கள். கிளினிக் வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் இல்லை, டவுன் பஸ் பிடிக்க வேண்டியதில்லை. நல்லதுதான். ஆனால் நேரில் போனால் நாம் நடந்து வரும் விதம், கை நடுக்கம், உடுத்தியிருக்கும் கோலம், கூட வந்தவரின் முகம் எல்லாவற்றையும் மருத்துவர் கேட்காமலே கவனித்துவிடுவார். வீடியோ காலில் கழுத்துக்கு மேல்தான் தெரியும். மிச்சத்தை நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

1. பேசப்போவது யாரிடம் என்று முதலில் பாருங்கள். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் எம்.டி., டி.பி.எம். போல மேற்படிப்பும் முடித்தவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், மாத்திரை எழுத மாட்டார். ‘லைஃப் கோச்’ என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம். 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைப்படி, மருத்துவர் தன் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் காட்ட வேண்டும். செயற்கை நுண்ணறிவு தானாகவே ஆலோசனை சொல்வதையும் மருந்து எழுதுவதையும் அதே நெறிமுறை தடுக்கிறது. நாலு கேள்விக்கு டிக் அடித்ததும் சீட்டு நீட்டும் ஆப் இருந்தால் அதை அழித்துவிடுங்கள்.

2. வீட்டில் தனியறை கிடைப்பதுதான் பெரிய பாடு. மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், தோழி வீடு என எது வசதியோ அது. இயர்போன் கட்டாயம்; நீங்கள் பேசுவது கேட்டாலும் மருத்துவர் கேட்பது வெளியே கேட்காது. யாராவது திடீரென்று உள்ளே வந்தால் என்ன செய்வது என்று தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். “அப்புறம் பேசறேன், அக்கா” என்று நீங்கள் சொன்னால் மருத்துவர் ‘ஆமாம், இல்லை’ என்று பதில் சொல்லும்படி கேள்விகளை மாற்றிக்கொள்வார். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் பாதி விஷயம் வெளியே வராது. அப்படி ஒரு காலுக்குக் கட்டணம் கட்டுவதைவிட வேறு நாள் கேட்டு வாங்குவது மேல்.

3. கால் தொடங்கியதும் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறீர்கள், முகவரி என்ன, பக்கத்தில் உதவிக்கு யார், அவர் போன் எண் என்ன என்று சொல்லிவிடுங்கள். விசாரணை மாதிரி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பேச்சின் நடுவே ஏதாவது ஆகிவிட்டால் எந்த ஊருக்கு ஆள் அனுப்புவது என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

4. சாப்பிடும் மருந்து அத்தனையையும் கேமரா முன்னால் வையுங்கள். அட்டையில் உள்ள பெயர் தெரியும்படி வையுங்கள். பி.பி. மாத்திரை, தைராய்டு மாத்திரை, சித்த மருந்து, ஜிம்முக்குப் போகும் பையன் குடிக்கும் பவுடர், எதையும் விட வேண்டாம். முக்கியமாக முட்டிவலி மாத்திரை. பைபோலாருக்கு லித்தியம் சாப்பிடுகிறவர் மெடிக்கல் ஷாப்பில் ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். பி.பி.க்காகத் தரும் சில நீர் மாத்திரைகளும் அப்படித்தான். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தாலும், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று உப்பை நிறுத்தினாலும் இதே கதை. மது, புகையிலை விஷயத்தையும் மறைக்காதீர்கள். மருத்துவர் திட்டுவாரோ என்ற பயத்தில் குவார்ட்டரைப் பாதியாகக் குறைத்துச் சொன்னால் டோஸ் தப்பாகும்.

5. எடை, பி.பி., மாதவிடாய் கடைசியாக வந்த தேதி, எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என ஒரு வாரத்துக் கணக்கைச் சீட்டில் எழுதி வையுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தாலோ கேட்கும் முன்பே சொல்லுங்கள். வால்ப்ரோயேட் போன்ற மருந்துகள் வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட மனச்சோர்வு மாதிரியே காட்டும். அதனால் ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால் ‘மனசுக்கு எதுக்கு ரத்தம்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

6. எல்லா மாத்திரையும் ஆன்லைனில் கிடைக்காது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவற்றைத் தொலைமருத்துவத்தில் எழுதக் கூடாது என்பது பொது விதி. அல்ப்ரசோலமும், கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரும் மீத்தைல்ஃபெனிடேட்டும் அந்தப் பட்டியலில் வருபவை. “நேரில் வாங்க” என்று மருத்துவர் சொன்னால் கோபப்படாதீர்கள். கேட்டதும் எழுதித் தருகிறவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

7. “பையன் வர மாட்டேங்கிறான் டாக்டர், நீங்க எழுதிக் குடுங்க, காபியில கலந்து குடுத்துடறேன்.” பெற்ற மனம் தவிக்கும், புரிகிறது. ஆனால் பார்க்காத ஆளுக்கு மருந்து எழுதச் சொல்வதும், தெரியாமல் கலப்பதும் தவறு. மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் எதனால் என்றே அவனுக்குத் தெரியாது. தெரிந்துபோனால் அப்புறம் அம்மா கையால் சோறு வாங்கிச் சாப்பிட மாட்டான். அவனை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்பதற்காகவே நீங்கள் தனியாக ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் கூட இருந்தாக வேண்டும்.

8. திரையை மூடிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரங்கள் உண்டு. உயிரை விடும் எண்ணம் வலுத்து, எப்படி என்றும் யோசிக்கத் தொடங்கியிருந்தால். இரண்டு மூன்று நாளாகச் சோறு தண்ணீர் இறங்காவிட்டால். குடியை நிறுத்திய சில நாளில் நடுக்கம், வலிப்பு, இல்லாத உருவம் தெரிவது என்று வந்தால். பிரசவமான சில வாரங்களில் தாய் சம்பந்தமில்லாமல் பேசினால். மனநல மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலும் உடம்பு விறைப்பும் சேர்ந்து வந்தால். 108-ஐக் கூப்பிடுங்கள். நோயாளியைத் தனியே விடாதீர்கள்.

9. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். ஐந்தாம் நாளே ‘ஒண்ணும் தெரியல’ என்று நிறுத்துகிறவர்கள் நிறைய. சரியாகிவிட்டது என்று தாங்களே நிறுத்தி, தலைசுற்றலும் எரிச்சலுமாகத் திரும்பி வருகிறவர்களும் உண்டு. அடுத்த காலின் தேதியை முதல் காலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். 10 செஷன் பேக்கேஜுக்கு முன்பணம் கட்ட அவசரம் வேண்டாம். அந்த மருத்துவரோடு பேச்சு ஒத்துப்போகிறதா என்று ஒன்றிரண்டு தடவை பார்த்த பிறகு கட்டலாம்.

10. மருந்துச் சீட்டு பி.டி.எஃப்.களைத் தேதிவாரியாகச் சேமியுங்கள், போனுக்குப் பூட்டும் போடுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தின் ரகசியத்துக்கும், உங்கள் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டு வாங்கவும் உரிமை தருகிறது. மருத்துவரை மாற்றும்போது இது உதவும்.

11. கட்டணம் கட்ட முடியாதவர்கள் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் டெலி மானஸ் சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார். மாத்திரைக்கும் நேரில் பார்க்கவும் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளி நேரத்தைப் போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.