தளபாடம் பிழையாக வந்து, விற்ற கடையும் வங்குரோத்தானால்

அன்பான பெறாமகனுக்கு,

பிரித்தானியாவில் வாங்கிய தளபாடம் பிழையாக வந்து சேர்ந்தால், வாங்கியவருக்குத் துணை நிற்பது 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். அந்த ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இச்சட்டம், விற்கும் பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும், சொல்லி வாங்கிய தேவைக்கு உதவ வேண்டும், விற்றவர் கொடுத்த விவரத்தோடு பொருந்த வேண்டும் என்கிறது. சாம்பல் நிறச் செற்றிக்குக் காசு கட்டியவருக்கு நீல நிறம் வந்தாலும், ஓக் மரம் என்று விற்ற மேசை ஒட்டுப்பலகையாக வந்தாலும், ஒப்பந்தத்தை மீறியவர் கடைக்காரர்தான். கடையில் காட்சிக்கு வைத்த செற்றியில் உட்கார்ந்து பார்த்து வாங்கியிருந்தால், வீட்டுக்கு வருவதும் அதே மாதிரி இருக்க வேண்டும். பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எதைச் சிறிய எழுத்தில் அச்சிட்டாலும் இந்த உரிமைகளை அது பறிக்காது.

காலம் இங்கே மிக முக்கியம். பொருள் கைக்கு வந்து 30 நாளுக்குள் அதை முற்றாக நிராகரித்து முழுக் காசையும் கேட்கலாம். அந்த 30 நாள் கடந்துவிட்டால், திருத்தித் தரவோ மாற்றித் தரவோ விற்றவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு முயற்சியும் சரிவராவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது அப்போதும் நிராகரிக்கலாம். முதல் 6 மாதத்துக்குள் தெரியவந்த பழுது, பொருள் வந்த நாளிலேயே இருந்ததாகச் சட்டம் கருதும். இல்லை என்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு. அதன்பின் நிரூபிக்கும் சுமை வாங்கியவரின் தோளுக்கு மாறுகிறது. வழக்கு வைக்க இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 6 ஆண்டு, ஸ்கொட்லாந்தில் 5 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் இந்த நீண்ட அவகாசத்தை நம்பிக் கடிதம் எழுதாமல் இருப்பவர்களே பெரும்பாலும் நட்டப்படுகிறார்கள். நிராகரிப்பதைத் தொலைபேசியில் மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. "இந்தப் பொருளை நிராகரிக்கிறேன், முழுக் காசையும் திருப்பித் தாருங்கள்" என்று திகதியோடு மின்னஞ்சலில் எழுத வேண்டும். அந்த ஒரு வரி பின்னால் வங்கிக்கு முன்னும் நீதிமன்றத்துக்கு முன்னும் சாட்சியாக நிற்கும்.

இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்கியவருக்கு இன்னொரு உரிமையும் இருக்கிறது. பொருளில் பழுதே இல்லாவிட்டாலும், அது வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே கொள்வனவை ரத்துச் செய்யலாம். வாங்கியவரின் அளவுக்கென்றே தனியாகச் செய்த பொருளுக்கு மட்டும் இது இல்லை. கடையின் பட்டியலில் உள்ள நான்கு துணிகளில் ஒன்றையும் மூன்று வகைக் கால்களில் ஒன்றையும் தெரிவு செய்வது அப்படிப்பட்ட தனித் தயாரிப்பு ஆகாது. "ஓடர் கொடுத்த பிறகுதான் செய்தோம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் கடைகளிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

வாசலில் நடப்பதும் கவனிக்க வேண்டியது. கொண்டு வந்தவர்கள் அவசரப்படுத்தி, "நல்ல நிலையில் பெற்றேன்" என்ற இடத்தில் கையொப்பம் கேட்பார்கள். பொதி பிரிக்காத நிலையில் "சோதிக்கவில்லை" என்று எழுதிக் கையொப்பமிடுவது நல்லது. அப்படி எழுத மறந்தாலும் உரிமை போய்விடாது. பொருள் வாங்கியவரின் கையில் சேரும்வரை வழியில் நேரும் சேதமெல்லாம் விற்றவரின் பொறுப்பே. பொதியின் மேலுள்ள சீட்டு, உடைந்த மூலை, தவறான நிறம் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைக்க வேண்டும். நிராகரித்த செற்றியைத் தொடர்ந்து பாவிக்கக் கூடாது. அதைத் திருப்பி எடுத்துப்போகும் செலவும் விற்றவருடையது. "உற்பத்தியாளரிடம் பேசுங்கள்" என்று கடைக்காரர் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை, ஏனென்றால் ஒப்பந்தம் கடையோடு செய்தது.

இந்த உரிமைகளின் பலமும் பலவீனமும் இதில்தான் இருக்கின்றன. எல்லாம் கடைக்கு எதிரான உரிமைகள். கடை உயிரோடு இருக்கும்வரை அவற்றுக்குப் பெறுமதி உண்டு, கடை விழுந்தால் அவை தாளில் மட்டும் இருக்கும். 2008 நவம்பரில் நாடெங்கும் கிளை வைத்திருந்த எம்.எஃப்.ஐ. என்ற பழைய தளபாட நிறுவனம் விழுந்தது. 2010இல் தொடங்கி, 2021இல் லண்டன் பங்குச்சந்தையில் நுழைந்த மேட்.கொம் என்ற இணையத் தளபாடக் கடை, அடுத்த ஆண்டே, 2022 நவம்பர் 9ஆம் திகதி, வங்குரோத்து நிர்வாகிகளின் கைக்குப் போனது. அதன் பெயரையும் இணைய முகவரிகளையும் நெக்ஸ்ட் நிறுவனம் 34 இலட்சம் பவுணுக்கு வாங்கியது. காசு கட்டிவிட்டுச் செற்றிக்காகக் காத்திருந்தவர்களின் ஒப்பந்தங்களை அது வாங்கவில்லை. இதை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்: பெயர் வேறு, கம்பனி வேறு. அதே பெயரில், அதே நிறத்தில் இணையக் கடை மறுபடி திறந்திருப்பதைப் பார்த்து, பழைய பாக்கியை அது தீர்க்கும் என்று நம்பியிருப்பது வீண் காத்திருப்பு. வழக்கும் உதவாது. நிறுவனம் நிர்வாகிகளின் கைக்குப் போன நிமிடத்திலிருந்து, நிர்வாகியின் சம்மதமோ நீதிமன்றத்தின் அனுமதியோ இல்லாமல் அதன்மேல் வழக்குத் தொடர முடியாது.

களஞ்சியத்தில் கிடக்கும் செற்றி யாருடையது என்பதும் அப்போது சிக்கலாகிறது. காசு முழுதும் கட்டிவிட்டதால் பொருள் தன்னுடையது என்றே வாங்கியவர் நினைப்பார். ஆனால் எந்தச் செற்றி அவருக்குரியது என்று பிரித்து ஒதுக்கப்படாதவரை அது கடையின் சொத்தாகவே எண்ணப்படும். பெயர்ச் சீட்டு ஒட்டி ஒதுக்கி வைத்த பொருளுக்கு உரிமை கேட்க இடமுண்டு. பிறநாட்டுத் தொழிற்சாலையில் இன்னும் செய்து முடியாத பொருளுக்கு அந்த இடமும் இல்லை. சில வேளை நிர்வாகியே எழுதுவார்: மிச்சக் காசையும் ஏற்றுக் கூலியையும் கட்டினால் பொருளைத் தருகிறேன் என்று. பொருள் எங்கே, எப்போது வரும் என்பதை எழுத்தில் வாங்காமல் அதற்கு உடன்படக் கூடாது.

இந்த நிலையில் வாங்கியவரைக் காப்பது, அவர் எந்த வழியில் காசு கட்டினார் என்பதே. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, கடனட்டையில் வாங்கிய பொருளுக்குக் கடையோடு சேர்த்து வங்கியையும் பொறுப்பாளியாக்குகிறது. பொருளின் விலை 100 பவுணுக்கு மேலாகவும் 30,000 பவுணுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். பார்ப்பது பொருளின் விலையை, அட்டையில் கட்டிய தொகையை அல்ல. 1,200 பவுண் செற்றிக்கு 50 பவுண் முற்பணத்தைக் கடனட்டையிலும் மிச்சத்தை வேறு வழியிலும் கட்டியிருந்தாலும், முழு 1,200 பவுணுக்கும் வங்கி பதில் சொல்ல வேண்டும். கடை கொடுக்க வேண்டிய நட்டஈட்டையும் அதனிடம் கேட்கலாம். அதே செற்றியை வேறிடத்தில் வாங்க 200 பவுண் கூடுதலாகச் செலவானால், அந்த 200ஐயும் சேர்த்துக் கேட்பதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. "முதலில் கடையிடம் போய்ப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்ப வங்கிக்கு உரிமை இல்லை. பெரிய தளபாடம் எதற்கும் சிறு தொகையையாவது கடனட்டையில் கட்டுவதைப்போல மலிவான பாதுகாப்பு வேறில்லை.

இந்தப் பிரிவில் சில ஓட்டைகளும் உண்டு. 80 பவுண் விலையுள்ள நாற்காலிகள் ஆறைத் தனித்தனி விலையில் வாங்கினால், மொத்தம் 480 பவுண் ஆனாலும் ஒவ்வொரு பொருளும் 100ஐத் தாண்டவில்லை என்று வங்கி சொல்லலாம். அதே ஆறையும் ஒரே விலையில் ஒரு தொகுதியாக விற்றிருந்தால் பிரச்சினை இல்லை. கணவரின் கணக்கில் கொடுத்த மேலதிக அட்டையால் மனைவி தன் பெயரில் ஓடர் கொடுத்தால், கடன்காரர் ஒருவர், வாங்கியவர் இன்னொருவர் என்று வங்கி கோரிக்கையைத் தட்டிக்கழிக்கப் பார்க்கும். கணக்கின் உரிமையாளர் பெயரிலேயே ஓடர் கொடுத்தால் இந்தச் சண்டையே வராது. நடுவில் வேறொரு பணப்பரிமாற்ற நிறுவனமோ இணையச் சந்தையோ புகுந்திருந்தாலும் சங்கிலி அறுபட வாய்ப்புண்டு.

கடை ஒழுங்கு செய்து கொடுத்த வட்டியில்லாத் தவணைக் கடனுக்கும் பெரும்பாலும் இதே 75ஆம் பிரிவு பொருந்தும். இங்கே பலர் கோபத்தில் செய்யும் காரியம், கடை மூடிய செய்தி கேட்டதும் வங்கியில் சொல்லித் தவணையை நிறுத்துவது. கடன் கொடுத்தது கடை அல்ல, வேறொரு நிதி நிறுவனம். தவணை நின்றால் கடன் வரலாற்றில் கறை விழும், வீட்டுக்கடன் கேட்கப்போகும் இளம் குடும்பத்துக்கு அது பல ஆண்டு வலியாக இருக்கும். தவணையைக் கட்டிக்கொண்டே 75ஆம் பிரிவின் கீழ் நிதி நிறுவனத்துக்குக் கோரிக்கை எழுதுவதே சரியான வழி.

டெபிட் கார்டில் கட்டியவருக்கு இந்தச் சட்டப் பாதுகாப்புக் கிடைக்காது. அவருக்கு இருப்பது விசா, மாஸ்டர்கார்ட் நிறுவனங்களின் விதிகளில் உள்ள சார்ஜ்பேக் முறை. வங்கி விற்றவரின் வங்கியிடமிருந்து காசைத் திருப்பி எடுக்க முயலும். கட்டிய தொகைக்கு மேல் எதுவும் வராது, பொதுவாக 120 நாள் என்ற எல்லையும் உண்டு. பொருள் வரும், வரும் என்று கடையின் சொல்லை நம்பிப் பொறுமையாகக் காத்திருந்தவர்கள் இந்த எல்லையைத் தவறவிடுகிறார்கள். கடை தடுமாறுகிறது என்ற செய்தி வந்த அன்றே வங்கிக்கு எழுதுவதில் எந்தக் குற்றமும் இல்லை.

வங்கிக்குப் போகும் கோரிக்கையோடு ஓடரை உறுதிப்படுத்திய மின்னஞ்சல், அட்டைக் கணக்குத் தாள், படங்கள், நிராகரித்து எழுதிய கடிதம் ஆகியவை போக வேண்டும். நிறம் தவறென்றால் படமே போதும். எட்டாம் மாதத்தில் இருக்கை உள்வாங்கிவிட்டது என்றால், செற்றி வேலை தெரிந்த ஒருவரிடம் அறிக்கை வாங்க வேண்டிவரும். வங்கி மறுத்தால் முறைப்பாடு என்று தலைப்பிட்டு எழுத வேண்டும். 8 கிழமைக்குள் இறுதிப் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டால், நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதிசார் ஓம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். நுகர்வோருக்கு அது இலவசம். தொலைபேசியில் ஒரு வங்கி ஊழியர் "முடியாது" என்று சொன்னதோடு சோர்ந்துபோவது பெரிய இழப்பு.

காசாகவோ வங்கி மாற்றாகவோ கட்டியவரின் நிலைதான் மனதை வருத்துவது. அவர் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசியில் நிற்கிறார். அடமானம் வைத்திருக்கும் வங்கி, நிர்வாகிகளின் செலவு, ஊழியரின் சம்பளப் பாக்கி, 2020 டிசம்பரிலிருந்து வரித் திணைக்களத்துக்குரிய சில வரிகள் எல்லாம் அவருக்கு முன்னால் நிற்கும். நிர்வாகிக்குக் கடன் நிரூபணப் படிவம் நிரப்பி அனுப்பத்தான் வேண்டும். கைக்கு வருவது பவுணுக்குச் சில பென்ஸ், அல்லது ஒன்றுமில்லை. கடைக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறோம் என்று அறியாமலே காசு கட்டிய ஒரு குடும்பத்தை இப்படிப் பின்னுக்குத் தள்ளுவது நியாயமல்ல. 2016இல் சட்ட ஆணைக்குழு, அட்டைப் பாதுகாப்பு இல்லாமல் பெருந்தொகையை முற்பணமாகக் கட்டியவர்களை வரிசையில் சற்று முன்னே விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. முற்பணத்தைத் தனி நம்பிக்கைக் கணக்கில் வைத்தால் அது வாங்கியவருடையதாகவே இருக்கும் என்பதை, கேஃபோர்ட் என்ற அஞ்சல்வழி வியாபாரக் கம்பனியின் வழக்கு 1970களிலேயே காட்டியது. அப்படி வைக்கும்படி கடைகளை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே "வங்கி மாற்றாகக் கட்டினால் கழிவு" என்று ஒரு கடை சொன்னால், பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதற்கான விலையே அந்தக் கழிவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். கம்பனிப் பதிவகத்தின் இணையத்தளத்தில் கடையின் கணக்குகள் காலத்துக்குத் தாக்கல் செய்யப்பட்டிருக்கின்றனவா என்று இலவசமாகப் பார்க்கலாம்.

கடை போனாலும் சில தாள்களுக்கு உயிர் இருக்கும். உற்பத்தியாளர் தன் பெயரில் கொடுத்த உத்தரவாதம் அவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தும். துணிக் கறைக்கென்று தனியாக எடுத்த காப்புறுதி, காப்புறுதி நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் என்பதால் அதுவும் நிற்கும். கடை தானே கொடுத்த ஐந்தாண்டு, பத்தாண்டு உத்தரவாதம் கடையோடு போய்விடும்.

நிராகரித்த செற்றி வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தாலும், வங்கியின் முடிவு வரும்வரை அதை வீசவோ விற்கவோ கூடாது. பழுதைக் காட்டும் சான்று அதுதான். காசைத் திருப்பிக் கொடுத்தபின் வங்கியோ நிர்வாகியோ அதைக் கேட்கவும் கூடும். இருவரும் எடுக்க வராவிட்டால், இத்தனையாம் திகதிக்குப் பின் அகற்றப்படும் என்று இருவருக்கும் எழுத்தில் அறிவித்து, போதிய அவகாசம் கொடுத்த பிறகு அகற்றலாம்.

அன்புடன்,
சித்தப்பா