பல் கட்ட எலும்பு வைப்பதும் மார்க்கச் சட்டமும்

பல் விழுந்து நாளானால் தாடை எலும்பு தேய்ந்துபோகும். அங்கே டைட்டானியம் திருகு பதித்துப் பல் கட்ட, முதலில் எலும்பு சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கு டாக்டர்கள் வைப்பவை நான்கு வகை: நோயாளியின் சொந்த எலும்பு, பிற மனிதருடையது, பிராணியுடையது (பெரும்பாலும் மாடு, சிலவற்றில் பன்றி), செயற்கையான கால்சியம் பாஸ்பேட்.

அறியாமைக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வைத்த வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, தங்க மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்கு விலக்கப்பட்ட தங்கமே தேவைக்கு ஆகுமானது. எனவே இச்சிகிச்சை கூடும். ஆனால் எதை வைப்பது?

சொந்த எலும்பை, தீங்கைவிட நன்மை மிகுந்தால் வைக்கலாமென 1988-ல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி முடிவுசெய்தது. செயற்கைப் பொருளில் ஆட்சேபனையில்லை. பிற மனிதரின் எலும்பில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முறைப்படி அறுக்கப்படாத மாட்டின் எலும்பு ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸ். ஹனஃபி மத்ஹபில், பன்றி நீங்கலாக, காய்ந்த எலும்பு சுத்தமே. ஆகவே, "இது எதன் எலும்பு?" என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள்.

வைத்தாகிவிட்டதா? கலங்க வேண்டாம். சுத்தமானது கிடைக்காமல் நஜீஸை ஒட்டியவர் மன்னிக்கப்பட்டவர். கிடைத்தும் ஒட்டியவருக்கு, தீங்கு அஞ்சாதபோதே அகற்றுவது கடமை என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் தரும் சட்டம். சந்தேகத்தால் தொழுகையை விட்டுவிடாதீர்கள்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.