ஒஸ்டின் பத்தும் மலைவழியும்

பதுளையினின்று பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏறும் பாதை, எந்த வண்டியின் வலுவுக்கும் உரைகல்லாகும். அவ்வேற்றத்தை மனத்திற்கொண்டு, 1932இல் வெளிவந்த ‘ஒஸ்டின் பத்து’ என்னும் ஆங்கிலக் குடும்பக் காரை ஆராய்வோம்.

பெயரிலுள்ள பத்து யாது? 1921 முதல் பிரித்தானியாவிற் கார்களுக்குப் பரிவலு ஒன்றுக்கு ஒரு பவுண் வீதம் வரி விதிக்கப்பட்டது. உருளையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கித்து, உருளைகளின் தொகையாற் பெருக்கி, 2.5ஆல் வகுப்பதே அப்பரிவலுக் கணக்கு. இவ்வண்டியின் விட்டம் 2.5 அங்குலம், உருளைகள் 4. ஆகவே, 6.25 × 4 ÷ 2.5 = 10.

இக்கணக்கில் முசலம் மேலுங் கீழுஞ் செல்லும் தூரம் இடம்பெறாமையை மாணவர் கவனிக்க. வரிக்கு அஞ்சிய பொறியியலாளர் விட்டத்தைக் குறுக்கி, முசல வீச்சை நீட்டினர். ஒஸ்டினில் வீச்சு 3.5 அங்குலம், கொள்ளளவு 1,125 கன சென்ரிமீற்றர். நீண்ட வீச்சுடைய பொறி மிக வேகமாகச் சுழல இயலாது. ஆகவே ஏற்றத்தில் தாழ்ந்த கியரில் மெல்ல ஊர்தலே அதற்கு வழி. மேலும், 1,000 மீற்றர் உயர்ந்தால் காற்று ஐதாகி, வலுவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறையும்.

இறக்கம் இன்னுங் கடிய பரீட்சை. தடுப்பை ஓயாது மிதித்தாற் சூடேறிப் பிடிப்பிழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கினால், பொறியே தடுப்பாகி உயிர்காக்கும். இன்றைய பேருந்துக்கும் இவ்விதி பொருந்தும்.

1940களின் இறுதியில் அவ்வரிமுறை நீங்கியபின், அகன்ற விட்டமுடைய பொறிகள் தோன்றின. எதனை அளக்கின்றோமோ அதற்கேற்பவே பொருள் அமைகின்றது. பரீட்சைப் புள்ளிகளால் மாணவரை அளக்கும் நாமும் இதனைச் சிந்தித்தல் நன்றன்றோ?